காதல் விளையாட்டுக்குள் ஒரு இருட்டு அறை - ஃபேட்/ஸ்டே நைட்

முதல்லயே சொல்லிடறேன். இது கதையை முழுசாப் போட்டு உடைக்கிற பதிவு. ஃபேட்/ஸ்டே நைட்டை என்னைக்காவது படிக்கணும்னு வச்சிருக்கிறவங்க இப்பவே ஜூட் விட்டுடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

"படிக்கணும்"னுதான் சொன்னேன், "விளையாடணும்"னு சொல்லலை. விளையாட்டுன்னு கடையில வித்தாலும் விஷுவல் நாவல்ங்கிறது படிக்கிற சமாச்சாரம்தான். திரையில ஒரு பின்னணிப் படம், அது மேல ஒண்ணு ரெண்டு ஆட்களோட படம், அதுக்கும் மேல எழுத்து. ஒரு சொடுக்கு சொடுக்கினா அடுத்த வரி. எப்பவாவது ஒருதரம் "இப்ப என்ன செய்யப் போற?"ன்னு ரெண்டு மூணு வழி காட்டும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டு மறுபடி படிக்க வேண்டியதுதான். ஓடறது, சுடறது, குதிக்கிறது எதுவும் கிடையாது. பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா, நடுநடுவுல நல்ல இசையோட ஓடற ஒரு பெரிய இஃப்-எல்ஸ் மரம். இந்த மரத்துல பெரும்பாலான கிளைகள் ஒவ்வொரு பெண்ணோட பேர்ல இருக்கும். எந்தப் பெண்கிட்ட நல்லா நடந்துக்கிறீங்களோ அவ கதை திறக்கும். காதல், கண்ணீர், சுபம்.

2004 ஜனவரி 30ஆம் தேதி ஜப்பான்ல வெளியான ஃபேட்/ஸ்டே நைட்டும் வெளித்தோற்றத்துல இதே சரக்குதான். பெற்றோர் இல்லாத ஒரு பள்ளிக்கூடப் பையன், அவனைச் சுற்றி மூணு பெண்கள், கொஞ்சம் மந்திரம், கொஞ்சம் வாள் சண்டை. அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கினவங்க எதிர்பார்த்ததும் அதுதான். உள்ளே போன பிறகு கிடைச்சது வேற. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

இந்த வடிவம் பிறந்ததுக்குப் பாதிக் காரணம் கலை, மீதிக் காரணம் பொட்டி. 1980கள்ல ஜப்பான் முழுக்கக் கோலோச்சின கணினி என்.இ.சி.யோட பிசி-98 வரிசை. 640க்கு 400 புள்ளிகள் உள்ள திரை, 4096 நிறங்கள்லேருந்து ஒரே நேரத்துல 16 நிறம். வேகமா நகர்ற படம்னா திணறும். ஆனா கூர்மையான கோட்டோவியமும், கோடு கோடா இருக்கிற ஜப்பானிய எழுத்துகளும் அதுல பளிச்சுனு தெரியும். நகராத படம், நிறைய எழுத்து. இந்தப் பெட்டிக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது. ஏற்கெனவே 1983ல யூஜி ஹோரி போர்ட்டோபியா கொலை வழக்கை எழுதி, படம் பார்த்துத் துப்பறியிற ரகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டிருந்தார் (பின்னாடி டிராகன் குவெஸ்ட் செஞ்ச அதே ஹோரிதான்). 1992ல சுன்சாஃப்ட் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம்ல ஒட்டோகிரிசோன்னு ஒரு பேய் மாளிகைக் கதையைக் கொண்டுவந்து, எழுத்தைத் திரை முழுக்க ஓட விட்டு, அதுக்கு "சவுண்ட் நாவல்"னு பேர் வச்சாங்க.

அந்தப் பாணியைப் பிசி-98க்குக் கொண்டுவந்தது லீஃப்ங்கிற நிறுவனம். 1996 ஜனவரில வந்த ஷிசுகு. "விஷுவல் நாவல்"ங்கிற பேரே லீஃப் தன்னோட இந்த வரிசைக்கு வச்ச பேர்தான், பிறகு மொத்த ரகத்துக்கும் ஒட்டிக்கிச்சு. இதுல எனக்குச் சுவாரசியமான விஷயம், ஷிசுகு ஒண்ணும் இனிப்பான காதல் கதை இல்லை. பள்ளிக்கூடத்துல ஒரு மாணவிக்குத் திடீர்னு புத்தி பேதலிக்குது. காரணம் தேடிப் போற பையனுக்கே வாழ்க்கை வெறுத்துப் போயிருக்கு, உலகம் அழியிறதைக் கற்பனை பண்ணிட்டே வகுப்புல உட்கார்ந்திருக்கிறவன். முந்தின வருஷத்தை நினைச்சுப் பாருங்க. 1995 ஜனவரி 17ல கொபே பூகம்பம், மார்ச் 20ல டோக்கியோ சுரங்க ரயில்ல ஓம் ஷின்ரிக்கியோ கூட்டம் சாரின் வாயுவைத் திறந்து விட்டது, பொருளாதாரக் குமிழி அதுக்கு முன்னாடியே உடைஞ்சாச்சு. காதல் விளையாட்டுல எதிர்பாராம இருட்டு வந்துடுச்சுன்னு இப்ப ஆளாளுக்கு ஆச்சரியப்படறாங்க. பேர் வச்ச அன்னைக்கே அது இருட்டுலதான் இருந்துச்சு.

இனிப்பு வந்தது அடுத்த வருஷம். 1997ல அதே லீஃப் வெளியிட்ட டு ஹார்ட், பள்ளிக்கூடம், வசந்த காலம், அன்பான பெண்கள்னு வெற்றிச் சூத்திரத்தைப் போட்டுக் கொடுத்தது. 1999ல கீ நிறுவனத்தோட கானன் அதுல கண்ணீரைச் சேர்த்தது. சிரிக்க வச்சு, பழக வச்சு, கடைசியில அழ வைக்கிறது. ஜப்பான்ல "அழ வைக்கிற விளையாட்டு"ன்னே இதுக்குத் தனிப் பேர் உண்டு. 2000 வாக்குல ஒரு வாசகன் இந்த ரகத்தைக் கையில எடுத்தா என்ன நடக்கும்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரியும்னு நினைச்சான், அவ்வளவுதான்.

2000 டிசம்பர்ல, டோக்கியோவுல வருஷத்துக்கு ரெண்டு முறை நடக்கிற காமிக்கெட் சந்தையில, டைப்-மூன்ங்கிற அமெச்சூர் குழு ஒண்ணு ட்சுகிஹிமேன்னு ஒரு குறுந்தட்டை மேசை போட்டு வித்தது. எழுதினவர் கினோகோ நாசு, வரைஞ்சவர் தகாஷி தகெவுச்சி. ரெண்டு பேரும் பள்ளிக் காலத்து நண்பர்கள். என்ஸ்கிரிப்டர்ங்கிற, யார் வேணா பயன்படுத்தக் கூடிய ஒரு இயங்குதளத்துல செஞ்சது. பெரிய நிறுவனம், பெரிய முதலீடு எதுவும் இல்லை. இந்த விஷயத்துல நம்ம துறை ஆட்களுக்குக் கொஞ்சம் புல்லரிக்கணும். யாரோ ஒரு தனி மனுஷர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டிங் மொழிதான் அடுத்த ரெண்டு வருஷத்துல ஹிகுராஷி மாதிரி இன்னொரு அமெச்சூர் காவியத்துக்கும் தாங்குதூணா நின்னது.

ட்சுகிஹிமேல அஞ்சு பெண்கள். அதுல கோஹாகுங்கிறவ வீட்டு வேலைக்காரி. எப்பவும் சிரிச்ச முகம், தோட்டத்தைப் பெருக்குவா, மருந்து கலக்கிக் கொடுப்பா, சமையலறையில பாட்டு முணுமுணுப்பா. அவ கதை எல்லாத்துக்கும் கடைசியிலதான் திறக்கும். அந்த வீட்டுப் பெரிய மனுஷன் சின்ன வயசுலேருந்தே அவளை என்ன பாடு படுத்தினான், அந்தச் சிரிப்பு எப்பேர்ப்பட்ட முகமூடி, முந்தின கதைகள்ல நடந்த எத்தனை விபரீதத்துக்குப் பின்னாடி அவ கை இருந்துச்சுன்னு அப்பதான் புரியும். பின்னணியில நின்ன ஒருத்தியை முன்னாடி இழுத்துவந்து, "இவளை இத்தனை நேரம் நீ பார்க்கவே இல்லையே"ன்னு கேட்கிற வித்தை. நாசு அதை முதல்ல செஞ்சு பார்த்தது இங்கேதான். ஃபேட்ல அதையே பெருசாக்கினார்.

ஃபேட்டோட கரு இதைவிடப் பழசு. நாசு மாணவரா இருந்தப்ப எழுதிப் பாதியில விட்ட கதை. அதுல கதாநாயகி ஒரு பெண், அவளுக்குத் துணையா வர்ற வாள்வீரன் ஆர்தர் மன்னன், ஆண். டைப்-மூன் 2003 வாக்குல முறையான நிறுவனமா மாறி முதல் வணிக வெளியீட்டுக்குத் தயாரானப்ப, தகெவுச்சியோட யோசனைப்படி ரெண்டையும் புரட்டிப் போட்டாங்க. நாயகன் பையன், ஆர்தர் மன்னன் பெண். வாங்கப் போறது ஆண்கள், அதனால வியாபாரக் கணக்கு. ஆனா அந்தக் கணக்குலேருந்துதான் சேபர் பிறந்தா. தான் பெண்ணுங்கிறதை மறைச்சு பிரிட்டனை ஆண்டு, மகனே எதிர்த்து நின்ன போர்க்களத்துல எல்லாத்தையும் இழந்து, "நான் அரசனாகவே ஆகியிருக்கக் கூடாது"ன்னு வரலாற்றையே அழிச்சு எழுதத் துடிக்கிற ஒரு மன்னன். (2011ல பழைய வடிவத்தை ஃபேட்/புரோட்டோடைப்னு ஒரு சின்னப் படமா வெளியிட்டாங்க.)

கதைச் சுருக்கம். ஃபுயுகிங்கிற ஊர்ல புனிதக் கிண்ணத்துக்காக ஏழு மந்திரவாதிகள், ஆளுக்கு ஒரு பழங்கால வீரனை எழுப்பி, ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிறாங்க. கடைசியில நிக்கிறவனோட ஆசை நிறைவேறும். இது அஞ்சாவது போர். பத்து வருஷத்துக்கு முன்னாடி நாலாவது போர் முடிஞ்சப்ப ஊர்ல ஒரு பகுதி தீயில வெந்து போச்சு. அந்தத் தீயிலேருந்து ஒரு சின்னப் பையனைத் தூக்கி எடுத்தவர் கிரித்சுகு எமியா. பையன் பேர் ஷிரோ. தூக்கினப்ப அந்த மனுஷர் முகத்துல தெரிஞ்ச சந்தோஷத்தைப் பார்த்துட்டு, நானும் இவரை மாதிரி எல்லாரையும் காப்பாத்தறவனா ஆகணும்னு முடிவு பண்ணினவன். சுத்தி அத்தனை பேர் "காப்பாத்து"ன்னு கத்தினப்ப தான் மட்டும் நடந்து வெளியே வந்துட்டோமேங்கிற உறுத்தல் அவன் எலும்பு வரைக்கும் ஊறிப் போயிருக்கு. தன் உயிருக்கு அவன் மதிப்பே போடறதில்லை. நல்ல பையன்னு நாம நினைக்கிறது உண்மையில ஒரு நோய்.

ஃபுயுகி ஒரு கற்பனை ஊர். அதுக்கு மாதிரியா எடுத்துக்கிட்டது கொபே. அந்தச் சிவப்புப் பாலம், மலைச் சரிவுல மேலை நாட்டுப் பாணி வீடுகள் எல்லாம் கொபேல இருக்கிறது. 2004லேருந்து ஒரு பத்து வருஷம் பின்னாடி போனா 1995 கிட்ட வரும். கொபே பூகம்பத்துல 6,434 பேர் செத்தாங்க, நகாதா வட்டாரம் தீப்பிடிச்சு எரிஞ்சது. கதைக்குள்ள இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, இந்த முடிச்சு நானாப் போடறது. ஆனா அந்த வயசுல, அந்த நாட்டுல, இடிபாட்டுலேருந்து பிழைச்சு வந்த பிள்ளைகள் நிஜமாவே இருந்தாங்க. 2004ல இதைப் படிச்ச ஜப்பான்காரனுக்கு ஷிரோவோட அந்தத் தீ வெறும் மாயாஜாலத் தீயாத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தோணுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

இந்தக் கதைக்கு மூணு பாதை. ஃபேட், அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ், ஹெவன்ஸ் ஃபீல். முதல்ல சேபர், அடுத்து ரின் தோசாகா, கடைசியா சகுரா மாதோ. மத்த விளையாட்டுகள் மாதிரி பிடிச்ச பெண்ணை முதல்லயே தேர்ந்தெடுக்க முடியாது. ஒண்ணை முடிச்சாத்தான் அடுத்தது திறக்கும். மூணுமே அதே ரெண்டு வாரம், அதே ஊர், அதே போர். முதல் பாதையில ஷிரோவோட லட்சியத்தைக் கொண்டாடறாங்க. ரெண்டாவதுல, எதிர்காலத்துல அந்த லட்சியத்தை நிஜமாவே அடைஞ்ச ஷிரோவே ஆர்ச்சர்ங்கிற பேர்ல திரும்பி வந்து, "இந்தப் பைத்தியக்காரத்தனத்தை ஆரம்பத்துலயே கொன்னுடறேன்"னு தன் கழுத்துலயே வாளை வைக்கிறான். அதுவரைக்கும் கதை இருட்டா இல்லைன்னு சொல்ல முடியாது. முதல் பாதையிலயே, அதே தீயில பிழைச்ச மத்த குழந்தைகளுக்கு மாதா கோயில் நிலவறையில என்ன ஆச்சுன்னு ஒரு காட்சி வரும், அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை. ஆனாலும் ரெண்டு பாதையும் வெளிச்சத்துலதான் முடியும். சூரிய உதயம், புல்வெளி, பிரிவு, நிம்மதி.

சகுரா யாரு? ஷிரோவோட பள்ளியில ஒரு வகுப்பு கீழே படிக்கிறவ. ஷிரோவோட நண்பன் ஷின்ஜியோட தங்கச்சி. தினம் காலையில ஷிரோ வீட்டுக்கு வந்து சமைச்சுக் கொடுப்பா. முதல் தடவை வந்தப்ப ஒண்ணுமே சமைக்கத் தெரியாது, ஷிரோதான் கத்துக் கொடுத்தான். இப்ப மேல்நாட்டுச் சமையல்ல குருவையே மிஞ்சிட்டா. அதிர்ந்து பேச மாட்டா. இந்த ரகத்துல வாசகனுக்கு நல்லாப் பழக்கமான வார்ப்பு, அடுத்த வீட்டு அமைதியான பெண். கதை ஆரம்பத்துலயே ஒரு காலையில அவ கையில கன்றிப்போன தடம் இருக்கிறதை ஷிரோ பார்க்கறான், அண்ணன்தான் அடிச்சானோன்னு சந்தேகப்படறான். அவ இல்லைன்னு மழுப்பறா. போர் ஆரம்பிச்சதும் ஆபத்துன்னு சொல்லி அவளை ஒதுக்கி வைக்கிறாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பாதையிலயும் அவ ஏறக்குறைய காணாமலே போயிடறா. நாமளும் தேடறதில்லை. சேபர் இருக்கா, ரின் இருக்கா, வாள் சண்டை இருக்கு, யாருக்கு நேரம்?

ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லணும். ஃபேட் எழுதப்பட்டது கிரிகிரிங்கிற இயங்குதளத்துல. இந்த மாதிரி எல்லாத்துலயும் நீங்க ஏற்கெனவே படிச்ச வரி எது, படிக்காத வரி எதுன்னு குறிச்சு வைக்கிற வசதி உண்டு. படிச்சதை மறுபடி படிக்க வேண்டாம்னா ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும், பழைய பக்கங்கள் சரசரன்னு ஓடி, புது வரி வந்ததும் நிக்கும். மூணு பாதைக்கும் முதல் சில நாட்கள் பொதுவானவை. அதனால ரெண்டாவது, மூணாவது பாதையை ஆரம்பிக்கிற எல்லாரும் என்ன பண்ணுவாங்க? ஓட்டுவாங்க. அந்த ஓடற பக்கங்கள்ல என்ன இருக்கு? சகுரா காலையில வர்றது, சமைக்கிறது, "காலை வணக்கம் செம்பாய்"னு சொல்றது, கையில இருக்கிற தடத்தை மறைக்கிறது. அவ கதையில அதிகமா வர்ற பகுதியே நாம விரலால தள்ளிவிட்ட பகுதிதான். நாசு இதைத் திட்டம் போட்டுச் செஞ்சாரா தெரியாம அமைஞ்சதாங்கிற கேள்வியே எனக்கு முக்கியமா படலை. அந்த வசதியும் இந்தக் கதையும் ஒரே பொட்டியில இருக்கு. அச்சுப் புத்தகத்துல இதைச் செய்யவே முடியாது, சினிமாலயும் முடியாது.

மூணாவது பாதையில உண்மை வெளியே வருது. சகுரா ரின்னோட சொந்தத் தங்கச்சி. மந்திரவாதிக் குடும்பத்துல ஒரு வாரிசுக்குத்தான் பரம்பரை வித்தையைக் கொடுக்க முடியும்ங்கிறதால, இளையவளை மாதோ குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துட்டாங்க. அங்கே வித்தை வற்றிப் போச்சு. பல தலைமுறையாச் சாகாம இருக்கிற சோகென்ங்கிற கிழவன், அந்தக் குழந்தையை நிலவறையில புழுக்களுக்கு நடுவுல போட்டு, அவ உடம்பையே தனக்கு வேண்டிய மாதிரி மாத்தறான். பதினோரு வருஷம். அண்ணன்னு பேர் வச்சுக்கிட்டவனும் அவளைச் சீரழிச்சிருக்கான். ஷிரோ வீட்டுக்கு அவளை முதல்ல அனுப்பினதே வேவு பார்க்கத்தான். ஆனா அந்தச் சமையலறை மட்டும்தான் அவளுக்கு உலகத்துல பயமில்லாத இடமா ஆயிடுச்சு. தன்னைப் பத்தி யாருக்கும், முக்கியமா ஷிரோவுக்கு, தெரிஞ்சுடக் கூடாதுங்கிறதுதான் அவளோட ஒரே பிடிவாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் ரெண்டு பாதையில சோகென் தலையே காட்டறதில்லை. காட்டலைன்னா அவன் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. ரின்னும் ஷிரோவும் ஒண்ணு சேர்ந்த அந்த அழகான முடிவுலயும், தெருவுக்கு அந்தப் பக்கம் மாதோ வீட்டு நிலவறை அப்படியேதான் இருக்கு. நாம சந்தோஷமா மூடி வச்ச ரெண்டு கதைக்குள்ளயும் போய் இது பின்னோக்கி வேலை செய்யுது. ஒரு தப்பான வேரியபிளை மூணாவது மாட்யூல்ல கண்டுபிடிச்ச பிறகு, முதல் ரெண்டு மாட்யூலோட விடைகளையும் சந்தேகத்தோட பார்ப்போமே, அந்த உணர்வு.

அதோட விடலை. சகுராவைப் பாதிக்கப்பட்டவளா மட்டும் வச்சிருந்தா நாம பரிதாபப்பட்டுட்டு நகர்ந்திருப்போம். கிண்ணத்துக்குள்ள "உலகத்துத் தீமை அத்தனையும்"னு ஒண்ணு குடிபுகுந்திருக்கு. அதோட பேர் அங்ரா மைன்யு, பாரசீக சரதுஷ்டிர மதத்துத் தீய சக்தியோட பேர். அதுக்கு வாசல் சகுராவோட உடம்பு. ராத்திரியில ஒரு கருநிழல் ஊருக்குள்ள நடந்து ஜனங்களை விழுங்குது. அது இவதான், தூக்கத்துல, தனக்கே சரியாத் தெரியாம. பிறகு தெரிஞ்சே. இத்தனை நாள் வாயைத் திறக்காதவ திறக்கும்போது வர்ற வெறுப்புக்கு யாரும் தப்பறதில்லை. அதிகமா வாங்கிக் கட்டிக்கிறது அக்கா ரின்தான். இவ்வளவு நாள் பக்கத்துலயே இருந்தும் நீ ஏன் வரலைங்கிறதுதான் அவ கேட்கிற கேள்வி. அது ரின்னுக்கு மட்டுமான கேள்வியா எனக்குக் கேட்கலை.

எல்லாரையும் காப்பாத்தணும்னு வாழற ஷிரோ இப்ப என்ன செய்வான்? ஒருத்தியைக் கொன்னா ஊர் பிழைக்கும். அவன் அப்பா கிரித்சுகு வாழ்நாள் பூரா செஞ்ச கணக்கு இதுதான், சிறுபான்மையைக் கொன்னு பெரும்பான்மையைக் காப்பாத்தறது. (கென் உரோபுச்சி 2006, 2007ல எழுதின ஃபேட்/சீரோ நாவல்கள் முழுக்க அந்த அப்பனோட கதை.) இங்கே விளையாட்டு உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது. நியாயத்தின் பக்கம் நின்னீங்கன்னா, ஷிரோ தன் லட்சியத்துக்கு உண்மையா, முகத்துல எந்த உணர்ச்சியும் இல்லாம, அப்பன் மாதிரியே ஆகிக் கதை அங்கேயே முடியும். "இரும்பு மனசு"ன்னு ரசிகர்கள் சொல்ற முடிவு. அதைப் படிக்காம விட்டுடாதீங்க. சகுரா பக்கம் நின்னீங்கன்னா கதை தொடரும், செத்துப் போகப் போற ஜனங்களுக்கு நீங்களும் பொறுப்பு. ராத்திரி ஒரு தடவை சமையலறைக் கத்தியை எடுத்துக்கிட்டு அவ தூங்கற இடத்துல போய் நிக்கிறான். குத்த முடியலை. அவளுக்குத் தெரியும், கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கா. ரெண்டு பாதையா அவன் வாழ்ந்த வாழ்க்கையை அங்கே அவன் கைவிடறான். வீரம்னு அதைச் சொல்ல எனக்கு நா எழலை, தப்புன்னும் சொல்ல முடியலை.

குறையும் சொல்லணும். 2004 பதிப்பு 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான வெளியீடு. அந்தச் சந்தையோட எழுதாத ஒப்பந்தம், படுக்கையறைக் காட்சிகள் சிலதை வச்சுட்டா மீதியில எழுத்தாளர் என்ன வேணா செய்யலாம்ங்கிறது. ஷிசுகு மாதிரி, 2003 டிசம்பர்ல உரோபுச்சி எழுதின சாயா நோ உதா மாதிரிக் கதைகள் பிறக்க முடிஞ்சதுக்குக் காரணமே அந்தச் சுதந்திரம்தான். ஆனா ஃபேட்ல அந்தக் காட்சிகள் பெரும்பாலும் ஒட்டுப் போட்ட மாதிரிதான் இருக்கும். அதுலயும் சகுரா மேல நடந்த கொடுமையைப் பார்த்து நாம கொதிக்கணும்னு எதிர்பார்க்கிற அதே பிரதி, சில இடத்துல அதையே காட்சிப் பொருளாவும் ஆக்குது. இது முரண், பூசி மெழுகுறதுல அர்த்தம் இல்லை. 2007 ஏப்ரல்ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ரியல்டா நுவா பதிப்புல அதையெல்லாம் எடுத்துட்டு, குரல் நடிப்பும் சேர்த்தாங்க. சகுராவுக்கு மந்திர சக்தி ஊட்டற இடங்கள்ல, ரத்தம் கொடுக்கிறதா மாத்தினாங்க. கதை ஒண்ணும் சரிஞ்சு விழலை, சொல்லப் போனா இன்னும் நல்லா நிக்குது. சகுராவுக்குக் குரல் கொடுத்த நோரிகோ ஷிதாயா, அந்த மெல்லிய குரலையே வச்சுக்கிட்டு கடைசியில பயமுறுத்துவார் பாருங்க...

இன்னொரு குறை, நீளம். நாசு ஒரு கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி கதவோட தத்துவத்தை ரெண்டு பக்கம் எழுதற ஆள். இலியாங்கிற பெண்ணுக்குத் தனிப் பாதை போட இருந்ததை, வேலை தாங்காம இந்த மூணாவது பாதைக்குள்ளயே சேர்த்துட்டாங்க, அதனால நடுப்பகுதி பிதுங்கி வழியும். அதோட நாற்பது மோசமான முடிவுகள். நீங்க செத்துப் போனா, பள்ளி ஆசிரியை டைகாவும் இலியாவும் ஒரு பயிற்சிக்கூடத்துல உட்கார்ந்து கிண்டலடிச்சுக்கிட்டே எங்கே தப்புப் பண்ணினீங்கன்னு சொல்லிக் கொடுப்பாங்க. இந்த இருட்டுக்கு நடுவுல அந்தக் கோமாளித்தனம் இல்லைன்னா நான் பாதியில மூடி வச்சிருப்பேன்.

பின்கதை சுருக்கமா. 2006ல முதல் பாதையைத் தொலைக்காட்சித் தொடராக்கினாங்க, 2008ல மிரர் மூன்ங்கிற ரசிகர் குழு மொத்தத்தையும் ஆங்கிலப்படுத்தி முடிச்சது, ஜப்பானிய மொழி தெரியாத எங்களை மாதிரி ஆட்கள் உள்ளே வந்தது அந்த வழியா. யூஃபோடேபிள் நிறுவனம் ஹெவன்ஸ் ஃபீலை 2017, 2019, 2020ல மூணு படமா எடுத்தது. படங்கள் கண்ணுக்கு விருந்து, ஆனா அதுல ஓட்டிவிடற பொத்தான் கிடையாது, அதனால நான் மேலே சொன்ன அடி விழாது. 2015ல ஆரம்பிச்ச ஃபேட்/கிராண்ட் ஆர்டர் கைபேசி விளையாட்டு காசை வாரிக் குவிச்சது, அது தனிக் கதை. 2024 ஆகஸ்டுல அதிகாரபூர்வ ஆங்கிலத்தோட ரீமாஸ்டர்ட் பதிப்பு ஸ்டீம்லயும் ஸ்விட்ச்லயும் வந்துச்சு. அது ரியல்டா நுவாவை அடிப்படையா வச்சது, புதுசா ஆரம்பிக்கிறவங்க அதையே எடுத்துக்கலாம்.

மூணாவது பாதைக்கு ரெண்டு நல்ல முடிவு. உண்மையான முடிவுன்னு பேர் வச்சதுல ஷிரோ பிழைக்கிறான், வசந்தம் வருது, எல்லாரும் பூப்பார்க்கப் போறாங்க. இன்னொண்ணுல அவன் திரும்பி வரலை. சகுரா அதே வீட்டுல இருக்கா, தோட்டத்துல செடி வைக்கிறா, காத்திருக்கா. வருஷங்கள் போகுது. ரின் வந்து பார்த்துட்டுப் போறா. சகுராவுக்குத் தலை நரைக்குது, அப்புறமும் காத்திருக்கா. ரெண்டுல எது சரின்னு ரசிகர்களுக்குள்ள இன்னமும் சண்டை உண்டு. எனக்குக் கிழவி சகுராதான் பிடிக்கும். அவ செஞ்சதும் அவளுக்குச் செஞ்சதும் ரெண்டுமே அந்த முடிவுலதான் மறைக்கப்படாம அப்படியே இருக்கு. எப்படியும் ரெண்டையும் படிச்சுடுங்க. ரெண்டாவது தடவை ஆரம்பத்துலேருந்து போறதா இருந்தா, முதல் மூணு நாளை ஓட்டாம ஒருதரம் படிச்சுப் பாருங்க, ஒரு மணி நேரம்தான் ஆகும்.